ஏழு சிரித்த முகங்கள்

இரண்டாம் லயம், கீழ் டிவிசன்,
லிந்துலை
03.03.2024

அன்புத் தங்கச்சி தனுஷிகாவுக்கு,

அக்கா நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

எழுதிக்கொள்வது என்று சொன்னாலும் வழக்கம்போல் எழுதுவது பக்கத்துக் காம்பரா வீட்டு வினோதாதான். நான் பேச்சில் சொல்லச் சொல்ல அவள் அதை எழுத்துத் தமிழாக்கிவிடுவாள். கடைசியில் என் பெயரை மட்டும் நானே போடுவேன். நீ கம்பஸ் படிக்கப் போன நாளிலிருந்து இப்படித்தானே நடக்கிறது. வீடுகள் இருக்கிற லயத்துப் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. மேலே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனால்தான் கிடைக்கும். அங்கே நின்று உன்னைக் கூப்பிட்டால் "வேலையா இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மருத்துவக் குழு தோட்டத்துக்கு வந்தது. சர்க்கரை வியாதிக்கு, அதுதான் நம்ம சீனி வருத்தத்துக்கு, புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். ஒரு வருடம் தினமும் போட வேண்டும். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். எங்கள் மலையில் ஏழு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம். இரண்டாவது பிள்ளையோடு சீனி வந்ததால் வினோதாவும் அதில் உண்டு. ஆளுக்கொரு போன் தந்திருக்கிறார்கள். அதில் யாரோடும் பேச முடியாது, மாத்திரை போட்டதையும் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் முடியும். அதில் வருகிற தமிழ் நம்மூர்த் தமிழாக இருக்கிறதே, நீ வேலை பார்க்கிற கந்தோரில் செய்வது இதுதானா?

இரவில் பட்டினி கிடக்காதே. தலைக்கு எண்ணெய் வை. காய்ந்த தலையோடு ஊருக்கு வந்தாயானால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

உன் அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை, கொழும்பு
12.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தானும் நலம்தானே. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம் அக்கா, அது எங்களுடையதுதான். மாத்திரை வேறு கம்பனி. போனில் ஓடுகிற ஆப் நாங்கள் செய்தது. அதில் வருகிற ஒவ்வொரு தமிழ் வரியும் உங்கள் தங்கச்சி எழுதியது.

இந்த மாதிரிச் சோதனைகளில் பெரிய தலைவலி, ஆட்கள் பாதியில் நழுவிவிடுவது. ஆரம்பத்தில் ஆசையாக வருவார்கள், இரண்டு மாதம் போனால் காணாமல் போய்விடுவார்கள். அவர்களை நிற்கவைக்க மனோதத்துவம் படித்தவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். அடிக்கடி பாராட்ட வேண்டும், விடாமல் செய்த நாட்களை எண்ணிக் காட்ட வேண்டும், கூட்டாகச் செய்கிற உணர்வைத் தர வேண்டும். எங்கள் மேலாளர் சுதாகரன் சார் ஒருநாள் கேட்டார், "தோட்டத்து ஆட்களை எது நிற்கவைக்கும், தனுஷிகா?" நான் உங்களைப் பற்றித்தான் சொன்னேன். முழுநாள் சம்பளத்தை எங்கள் பக்கம் ஒரு பேர் என்போம், குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் விழும், ஒருத்திக்கு முடியாத நாளில் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்தை அவள் பையில் போட்டு முழுப்பேர் ஆக்கிவிடுவார்கள் என்று சொன்னேன். அம்மா செத்த வருடம் நீங்கள் காய்ச்சலோடு மலைக்குப் போனீர்களே, அந்தக் கதை. சார் மேசையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார்.

அப்படிப் பிறந்ததுதான் உங்கள் போனில் இருக்கிற கூடை. ஏழு பேருக்கு ஒரு கூடை. எல்லோரும் பதில் சொன்னால் நிறையும். ஒருவர் தவறினால் ஏழு பேருடையதும் குறையும்.

ஒரு ரகசியம். நான் உங்கள் தங்கச்சி என்று அந்தக் குழுவிடம் சொல்ல வேண்டாம். சொந்தக்காரர்கள் சோதனையில் இருந்தால் நான் இதில் வேலை செய்யக் கூடாது என்று விதி. ஏழு பேரும் கடைசிவரை நின்றால் எனக்கு நல்ல பெயர்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கச்சி,
தனுஷிகா


லிந்துலை
31.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் காலையில் வேலைக்குப் பேர் எடுக்கிற பெரட்டுக் களத்தில் கைக்குக் கிடைத்தது. கணக்கப்பிள்ளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

உன் கூடை எங்கள் உயிரை வாங்குகிறது. காலையில் போனைத் திறந்தால் "நாகலெட்சுமி, நேற்று அருமையாகச் செய்தீர்கள்" என்கிறது. முதல்நாள் யாரையோ சொல்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்திருக்கிறேன், எந்தக் கங்காணியும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. உண்மையைச் சொல்ல வெட்கம் என்ன, நன்றாகத்தான் இருந்தது.

சிரித்த முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று வருகிறது. அன்றைக்கு உடம்பு எப்படியோ அந்த முகத்தை அமுக்க வேண்டும். சாயங்காலம் மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும்போது ஏழு பேரும் அமுக்குகிறோம். மகளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை வாங்குகிற சந்தடியில் இசபெல் இரண்டு நாள் மறந்துவிட்டாள். கூடை பாதியாக இறங்கிவிட்டது. "ஒன்னால எங்க கூடையும் போச்சு" என்று ஆளாளுக்கு ஏச, அவள் அழுதேவிட்டாள். 

எனக்கு வாய் கசக்கிறது. சோறு இறங்கவில்லை. போன வாரம் அழுகிற முகத்தை அமுக்கினேன். மறுநாள் வேன் வந்து நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். திரும்பி வரும்போது மூன்று மணி, அன்றைக்கு அரைப்பேர். ரத்தத்தில் ஒன்றும் இல்லையாம். அது தெரியும்வரை ஐந்து நாள் எல்லோருடைய கூடையும் நின்றுபோனது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வினோதா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுடி என்று சொல்லித்தான் எழுதுகிறாள்.

வெசாக் லீவுக்கு வா. உன் எலும்பைக் கொஞ்சம் மூடி அனுப்புகிறேன்.

உன் அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை
15.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திரை வருடப்பிறப்பு வாழ்த்துகள். நான் நலம். எல்லோரும் நலம்தானே.

உங்கள் கடிதத்தைப் படித்துப் படித்துச் சிரித்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்த கதையை, யார் என்று சொல்லாமல், மீட்டிங்கில் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். வாய்க்கசப்பு வரும் என்று அவர்கள் தந்த தாளிலேயே போட்டிருக்கிறது, சில வாரத்தில் போய்விடும். எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். அழுகிற முகத்தை அமுக்கினால் கூடை நிற்பது சரியில்லை என்று சாரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

இசபெல் அக்கா விஷயத்துக்கு ஒரு வழி செய்தேன். இனி நீங்கள் ஒருவரை ஒருவர் ஏச வேண்டாம். நாலு மணியானால், பதில் சொல்லாதவரிடம் போனே சொல்லும்: "உங்கள் கூட்டாளிகள் மடுவத்தில் காத்திருக்கிறார்கள்." நேற்றிலிருந்து வருகிறது. நல்ல வரி என்று சார் பாராட்டினார்.

வெசாக்குக்குக் கட்டாயம் வருவேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கச்சி,
தனுஷிகா


லிந்துலை
02.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். வெசாக்குக்கு நீ வரவில்லை. உன் அத்தான் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம்வரை நின்றுவிட்டு வந்து, "வேலை இருந்திருக்கும்" என்று உனக்காக எனக்கே சமாதானம் சொன்னார்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. மலை ஏறும்போது இரண்டு இடத்தில் உட்காருகிறேன். உடம்பெல்லாம் அரிக்கிறது. ஒருநாள் சும்மா இருக்கிற முகத்தை அமுக்கினேன். அதற்கே பத்துக் கேள்வி கேட்டது. பிறகு சிரித்த முகத்தையே அமுக்கிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல். நான் இந்த மாத்திரையை நிறுத்திக்கொண்டால் உனக்கு ஏதும் ஆகுமா?

எண்ணெய் வைக்கிறாயா?

உன் அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை
11.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வெசாக்குக்கு வராததற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், நகர முடியவில்லை.

நிறுத்துவதா? பாதிக் கிணறு தாண்டப் போகிறீர்களே அக்கா. சீனிக்காரர்களுக்கு அலுப்பு சகஜம். நிஜமாக முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், அலுப்புக்கெல்லாம் நிறுத்த வேண்டாம். இங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்பதை வைத்துத்தான் எங்கள் வேலையை அளப்பார்கள். நீங்கள் விட்டால் எனக்கு அரைப்பேர்தான் விழும். விளையாட்டுக்குச் சொல்கிறேன், ஆனாலும் பாதி நிஜம்.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். 

அன்புத் தங்கச்சி,
தனுஷிகா


லிந்துலை
14.07.2024

அன்புத் தங்கச்சி தனுஷிகாவுக்கு,

நானும் அத்தானும் நலமாக இருக்கிறோம். உன் நலத்தை அறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே மாத்திரையை ஒருநாளும் விடாமல் போடுகிறேன். அலுப்பு குறைந்துவிட்டது. இங்கே மழை அதிகம். மண் சரிந்து மேல் ரோடு மூடிக் கிடக்கிறது. தோட்டத்தில் மற்றபடி விசேஷம் இல்லை.

விரலில் முள் குத்தியிருப்பதால் என் பெயரையும் வினோதாவே போடுகிறாள்.

இப்படிக்கு அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை
25.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விரலுக்கு மஞ்சள் வைத்தீர்களா?

உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டிய சந்தோஷம் ஒன்று இருக்கிறது. போன வாரம் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் நான்தான் பேசினேன். உங்கள் கூடையைத் திரையில் போட்டுக் காட்டினேன். ஒரு மாதமாக ஒருநாள்கூடத் தவறவில்லை. அதைவிட அதிசயம், ஏழு போனிலும் சிரித்த முகம் விழுவது ஒரே நிமிடத்தில், சரியாக நாலு பத்துக்கு. "ஏழு கை, ஒரே மனசு" என்றேன். கை தட்டினார்கள் அக்கா. வெயிலிலும் மழையிலும் கொழுந்து எடுக்கிற என் அக்காவைப் பார்த்து கோட் போட்டவர்கள் கை தட்டுகிறார்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. 

இந்தக் கூடையை மற்ற நாடுகளிலும் வைக்கப்போகிறார்களாம். அதற்கு என்னைத் தலைவியாகப் போடுவார்கள் என்று பேச்சு.

இந்தத் தடவை எண்ணெய் வைக்கச் சொல்ல மறந்துவிட்டீர்கள். நானாகவே வைத்துக்கொண்டேன்.

அன்புத் தங்கச்சி,
தனுஷிகா


லிந்துலை
18.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் படித்து மகிழ்ச்சி. நீ மேலும் மேலும் உயர வேண்டும்.

உனக்கு நேரம் கிடைத்தால் ஒருதடவை வந்துவிட்டுப் போ. அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வா. வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் சாயங்காலம் தலவாக்கலையில் இறங்கிவிடலாம். ஒரு நாள் இருந்தால்கூடப் போதும்.

இப்படிக்கு அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை
29.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நீங்களும் நலம் என்று அறிந்து சந்தோஷம். அவசரமாக எழுதுகிறேன். தலைவி வேலை கிடைத்துவிட்டது. செப்டெம்பர் முழுவதும் மூச்சு விட நேரம் இருக்காது. தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன். உங்களுக்கு மயில் கழுத்து நிறத்தில் சேலை எடுத்துவிட்டேன். அதுவரை பொறுங்கள்.

அன்புத் தங்கச்சி,
தனுஷிகா


இரண்டாம் லயம்,
லிந்துலை
06.10.2024

தனுஷிகாவுக்கு,

வினோதா எழுதுவது. இந்தத் தடவை சொல்வதும் நான்தான். நீ சுகமா என்று கேட்கிற நேரமில்லை இது. அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அக்காவப் பாத்துக்கிட்டியே" என்றாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் உனக்கு வந்த கடிதங்கள் அக்கா சொன்னவை இல்லை. நானே எழுதினேன். விரலில் முள்ளும் குத்தவில்லை.

ஜூன் கடைசியிலேயே அக்காவால் முடியாமல் போய்விட்டது. பெரட்டுக்கு வந்துவிட்டு, மலையில் சவுக்கு மரத்தடியில் இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்துப் படுத்துவிடுவார். வேலைக்கு வராவிட்டால் பேர் விழாது, உனக்கும் தெரிந்துவிடும் என்றார். ஆறு பேரும் கொழுந்தைப் பிரித்து அவர் பையில் போட்டோம். மடுவத்தில் அந்தப் பைக்குள்ளேயே அவருடைய போனும் இருக்கும். கொழுந்தைப் போட்ட கையாலேயே அதிலும் சிரித்த முகத்தை அமுக்கினோம். எங்களுக்கு இரண்டும் ஒரே உதவியாகத்தான் தெரிந்தது. நீ கை தட்டு வாங்கிய நாலு பத்து அதுதான்.

ஜூலையில் ரத்தம் எடுக்க வர வேண்டியவர்கள் மண்சரிவால் வரவில்லை. போனில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று தகவல் அனுப்பினார்கள். கண் மஞ்சளானபோது காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அப்போதும் மாத்திரையை மட்டும் விடவில்லை. விடுங்க என்று நான் எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஈரல் போய்விட்டது என்றார்கள். "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை" என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும். தெரியாதவள் மாதிரி நின்றேன். மருந்துக் குழுவும் வந்து போனைப் பார்த்தது. எண்பது நாள் சிரித்த முகம். மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

உன்னை வரவழைக்க ஆகஸ்டில் ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் எழுதினால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால் எங்கள் கூடையையும் நினைத்தேன். காறித் துப்பு, துடைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் ஆறு பேரும் இன்னும் அதே மாத்திரையைப் போடுகிறோம். அக்காவின் போனை வாங்கிப்போக யாரும் வரவில்லை. நாலு மணியானால் "உங்கள் கூட்டாளிகள் மடுவத்தில் காத்திருக்கிறார்கள்" என்கிறது. அத்தான் அதை அணைக்கத் தெரியாமல், சார்ஜ் இறங்கவிடவும் மனமில்லாமல், அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறார்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன் ஜூன் மாதக் கடிதத்துக்கு அக்கா சொல்லச் சொல்ல எழுதிய பதில். கையெழுத்தும் போட்டுவிட்டு, "வேணாம் வினோதா, அவ பயந்துருவா" என்று தபாலில் சேர்க்க விடவில்லை. அது உன்னுடையது.

வினோதா


லிந்துலை
23.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குச் சுகமில்லை. மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரி போகிறது. நேற்று மடுவத்தில் அழுகிற முகத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். நீ எழுதியது ஞாபகம் வந்தது. சிரித்த முகத்தை அமுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

அரைப்பேர் என்றால் என்னவென்று உனக்கு என்னடி தெரியும். உன்னை மலைக்கு அனுப்பாமல்தானே வளர்த்தேன். உன் கந்தோரிலும் ஆளைக் கூட்டிக் கழித்துத்தான் பேர் போடுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. அங்கே உன் பையில் ஒரு பிடி போட யார் இருக்கிறார்கள்? இன்னும் எட்டு மாதம். நான் நிற்கிறேன். நீ பயப்படாமல் வேலையைப் பார்.

தலைக்கு எண்ணெய் வை.

உன் அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை
15.10.2024

வினோதாவுக்கு,

உனக்கு வாய் கசக்கிறதா? கண் வெள்ளை எப்படி இருக்கிறது? இசபெல் அக்காவுக்கு அரிப்பு உண்டா? மற்ற நாலு பேரையும் கேள். இத்தனை கடிதத்தில் சுகமா என்று நான் ஒருதடவைகூட நிஜமாகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

மூன்று நாளாக மடுவத்து நேரம் பார்த்துக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன். நான் உன்மேல் துப்ப மாட்டேன். நீ அமுக்கினாய், அமுக்க வைத்தது நான். அக்காவை நிற்கவைத்ததும் அந்த ஆப் இல்லை. என் கடிதத்தில் இருந்த ஒரு வரி.

சுதாகரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு ஆளுக்கு வந்தது மருந்தாலதான்னு எப்படிச் சொல்றது? பதிவுல சிரிச்ச முகம்தானே இருக்கு" என்றார். சொந்தத்தை மறைத்ததற்காக என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோதனைகளை மேற்பார்க்கிற டாக்டர்மாருக்கும் எழுதியிருக்கிறேன். பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். அந்தப் பதிவில் நான் பழக்கி வைத்த சிரிப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். ஒருத்தி அழுதால் வேன் வரும், அவ்வளவுதான். ஒரு கூடையே ஒரே நாளில் அழுதால் அந்தப் பகுதி முழுவதும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரை அனுப்பியாக வேண்டும். அப்போது திரையில் வருகிற வரியையும் நான்தான் எழுதினேன். இதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை.

இன்றிலிருந்து யாரும் அந்த மாத்திரையை விழுங்காதீர்கள். இது கிடைத்த அன்று நாலு பத்துக்கு ஆறு பேரும் அழுகிற முகத்தை அமுக்குங்கள். கேள்வி கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். கூடை நின்றுபோகும், மறுநாள் எல்லோருக்கும் அரைப்பேர் விழும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அத்தானிடம் சொல்லி அரிசிப் பானையிலிருந்து அக்காவின் போனை எடுத்துக்கொள். அதையும் மடுவத்துக்குக் கொண்டுபோய் அழுகிற முகத்தை அமுக்கு. ஜூன் மாதம் அக்கா விரலைக் கொண்டுபோனது அதற்குத்தான். ஏழும் ஒரே நிமிடத்தில் விழ வேண்டும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அத்தான் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், நானே நடந்து வருவேன்.

தனுஷிகா